எதையும் தாங்கும் குதிரை: அந்தத் தாங்கும் சக்தி எங்கிருந்து வருகிறது, எங்கே முடிகிறது?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் குதிரை வாங்கப் போகிறவரிடம் விற்பவர் சொல்லும் வசனம் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. "சாதுவான ஜீவன் ஐயா. எதையும் தாங்கும். புல்லில் அவிழ்த்துவிட்டால் போதும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்." முதல் வாக்கியம் பெரும்பாலும் உண்மை. இரண்டாவதில் பாதிதான் உண்மை. மூன்றாவதை அப்படியே நம்பியவர்கள் அடுத்த வருடம் கால்நடை மருத்துவருக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டர்பனில் வளர்ந்த நம்மவர்களுக்குக் குதிரை என்றால் கிரேவில் மைதானமும் 1897 முதல் நடந்துவரும் ஜூலைப் பந்தயமும்தான். அங்கே ஓடுவது தரோபிரெட் என்னும் பந்தய இனம். மெல்லிய தோலும் நீண்ட காலும் கொண்டது. மூட்டை மூட்டையாகத் தீவனம் கேட்பது. குளிருக்குப் போர்வை கேட்பது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, குட்டையாகவும் தடித்த கழுத்தோடும் நின்று காய்ந்த புல்லை மென்றுகொண்டிருக்கும் மலைக்குதிரை செலவே வைக்காத பிராணியாகத் தெரிகிறது. டொங்காட், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் சிறு தோட்டம் வாங்கிக் குடிபோகும் குடும்பங்கள் பிள்ளைகளுக்காக இந்த வகைக் குதிரையைத்தான் தேடுகின்றன. தேர்வில் தவறில்லை. ஆனால் "தாங்கும்" என்பதற்கு "கவனிக்க வேண்டாம்" என்று பொருள் கொள்வதால் வரும் கேடுகள் பல. அந்தத் தாங்கும் சக்தி உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே அதை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் விளங்கிவிடும்.

எந்தக் குதிரைகளைப் பற்றிப் பேசுகிறோம்

தென்னாப்பிரிக்காவில் இப்படிப் பெயரெடுத்தவை முக்கியமாக மூன்று: பசூட்டோ போனி (போனி என்றால் குட்டைக் குதிரை), பூர்பெர்ட், நூயிட்கெடாக்ட். மூன்றுக்கும் மூலம் கேப் குதிரை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கேப்பில் கொண்டுவந்து இறக்கிய சிறு குதிரைகளோடு பாரசீக, அரபு இரத்தம் கலந்து உருவானது அது. அதன் ஒரு கிளை, மொஷெஷுவே மன்னர் காலத்தில் இன்றைய லெசோத்தோ மலைகளுக்கு ஏறியது. பாறை வழி, பனிக்காலம், போதாத புல்; அதைத் தாங்கியவை குட்டி போட்டன, தாங்காதவை போடவில்லை. சில தலைமுறைகளில் உருவம் குறுகியது, குளம்பு இறுகியது. மனிதன் நடக்கவே தயங்கும் சரிவில் ஆளைச் சுமந்து இறங்கும் பசூட்டோ போனி இப்படித்தான் வந்தது.

பின்னர் போருக்கு விற்கப்பட்டும் கலப்பினத்தாலும் அந்த இனம் மெலிந்தபோது, இன்றைய முமலாங்கா மாகாணத்து எர்மெலோ ஊரை ஒட்டிய அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் 1952இல் அதை மீட்கும் வேலை தொடங்கியது. அந்தப் பண்ணையின் பெயரே நூயிட்கெடாக்ட். அங்கே பிறந்த இனத்துக்கும் அதுவே பெயராயிற்று. பூர்பெர்ட் என்பது டச்சு வழிவந்த குடியேறிகளான பூர் விவசாயிகளின் சவாரிக்குதிரை. இரண்டையும் கிட்டப் பார்க்க வேண்டுமென்றால் நேட்டாலின் உள்நாட்டு மேட்டுநிலமான மிட்லேண்ட்ஸ் பகுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம்.

சிக்கனமே பலம்

மானாவாரி நிலத்தை நம்பிப் பல தலைமுறை வாழ்ந்த குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் வருவதில் ஒரு பிடியும் வீணாகாமல் தானியக் குதிரில் போடுவார்கள். வறண்ட மாதங்களில் அதைத் திறந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை நகரத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன பிறகும் சேர்க்கும் பழக்கம் விடாது. ஆனால் இப்போது வறண்ட மாதமே வருவதில்லை. குதிர் நிரம்பி வழிகிறது.

மலைக்குதிரையின் உடலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. எல்லாக் குதிரைக்கும் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர் வரை. அதனால் அது ஒரே வேளையில் வயிறு நிரப்பிக்கொள்ளாமல் நாளில் 14 முதல் 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. புல்லின் நார் பின்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. பின்குடல் என்பது சிறுகுடலுக்கு அப்பால் உள்ள பெரிய பைகள். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சக்தியாக மாற்றித் தருகின்றன. இதுவரை பந்தயக் குதிரைக்கும் மலைக்குதிரைக்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து இரத்தத்துக்கு வரும் சர்க்கரையை உடலின் உயிரணுக்களுக்குள் அனுப்பும் சுரப்பு நீருக்கு இன்சுலின் என்று பெயர். சிக்கன உடல் கொண்ட குதிரைகளில் இன்சுலின் தாராளமாகச் சுரக்கிறது. தசைகளோ அதன் சொல்லை அரைமனதாகத்தான் கேட்கின்றன. மிஞ்சுவது கொழுப்பாகிக் கழுத்திலும் வால் அடியிலும் தோளின் பின்னாலும் படிகிறது. பஞ்ச காலத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கோடையில் சேர்ந்த கொழுப்பைக் குளிர்காலம் தின்றுவிடும்; வசந்தத்தில் விலா எலும்பு லேசாகத் தெரியும்; இன்சுலினும் இறங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை கணக்கு நேராகிவிடுகிறது.

மிட்லேண்ட்ஸ் உயர்நிலத்துப் புல்வெளியை இங்குள்ள விவசாயிகள் சவர்வெல்ட் என்பார்கள். மழைக்காலத்தில் தளதளவென்று வளரும் அந்தப் புல், குளிர் வந்ததும் சத்தையெல்லாம் வேருக்கு இழுத்துக்கொண்டு வெறும் வைக்கோலாக நிற்கும். மாட்டுக்காரர்களுக்கு அது தலைவலி. மலைக்குதிரைக்கு அது மருந்து. ஆனால் நாம் குதிரையைக் கொண்டுபோய் விடுவது சவர்வெல்டில் இல்லை. பால்பண்ணைக்காக உரம் போட்ட கிக்கூயு புல்லிலும், குளிர்காலத்துக்கென்றே விதைத்த ரை புல்லிலும். காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதைதான். அதன் மேல் பிள்ளைகள் ஆசையாய்க் கொடுக்கும் ரொட்டி, ஆப்பிள், கரும்பாலை மொலாசஸ் கலந்த தீவனம் வேறு. அந்தக் குதிரைக்குக் குளிர்காலம் என்பதே வருவதில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இந்தக் குதிரை குறைந்த தீனியில் உடலைத் தேற்றிக்கொள்ளும். ஆகவே நிறைந்த தீனி அதற்கு ஆபத்து. பந்தயக் குதிரைக்கு நல்லதாக இருக்கும் மேய்ச்சல் இதற்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

ஆபத்து குளம்பில் தெரியும்

கொழுத்த குதிரையைப் பார்த்து "நன்றாக வைத்திருக்கிறீர்கள்" என்று பாராட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அந்தப் பாராட்டைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அடி விழுவது வயிற்றிலோ இதயத்திலோ இல்லாமல் குளம்பில்.

குளம்பு என்பது கெட்டியான கொம்புப் பொருளால் ஆன உறை. உள்ளே கால் எலும்பின் கடைசித் துண்டு இருக்கிறது. உறையையும் எலும்பையும் பிணைப்பவை புத்தகத் தாள்கள்போல ஒன்றுக்குள் ஒன்று செருகிய மெல்லிய மடிப்புகள். ஒரு குளம்பில் 550 முதல் 600 வரை உண்டு. குதிரையின் முழு எடையும் இந்த மடிப்புகளில்தான் தொங்குகிறது. அவை வீங்கி, நீண்டு, பிடி தளர்வதைக் குளம்பு அழற்சி என்கிறோம். மருத்துவர் லாமினைடிஸ் என்பார். முற்றிவிட்டால் எலும்பு உறைக்குள்ளேயே சரிந்து இறங்கிவிடும்.

அளவுக்கு மீறித் தின்ற தானியம், கடினத் தரையில் ஓட்டம், கடுங்காய்ச்சல் என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு. சிக்கன உடல் கொண்ட குதிரைகளில் முதல் குற்றவாளி இன்சுலின். 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான போனிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொண்டு, இன்சுலினை மட்டும் உயர்ந்த அளவில் தொடர்ந்து செலுத்திப் பார்த்தார்கள். மூன்று நாளுக்குள் அவற்றுக்குக் குளம்பு அழற்சி வந்துவிட்டது. தப்பான தீனி ஏதும் தின்னாமலே வந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இதைக் கையால் கண்டுபிடிக்கலாம். காலையில் குதிரையின் முன்காலருகே குந்தி உட்காராமல் குனிந்து நில்லுங்கள். உட்கார்ந்தால் அவசரத்துக்கு விலக முடியாது. குளம்புக்கு மேலே கணுக்கால் மூட்டு இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், இரு ஓரங்களிலும், கயிறுபோல உருளும் நரம்புக் கற்றை ஒன்று தட்டுப்படும். பெருவிரலையும் நடுவிரலையும் அதன் மேல் மெல்ல வைத்துக் காத்திருங்கள். நலமான குதிரையில் நாடி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெலிதாக இருக்கும். சில நாள் அகப்படவே அகப்படாது. அது விரலைத் தள்ளித் தள்ளித் துடித்தால், குளம்பும் கதகதவென்று சூடாக இருந்தால், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முன்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்காலுக்குத் தள்ளி நிற்பது, திரும்பும்போது கண்ணாடித் துண்டின் மேல் நடப்பதுபோல் தயங்குவது ஆகியவை அதற்குப் பிந்திய அறிகுறிகள். அவை தெரியும்போது கால தாமதம் ஆகிவிட்டது என்று பொருள்.

பிடரிக் கழுத்தையும் வாரத்துக்கு ஒரு முறை பிடித்துப் பாருங்கள். மெத்தென்று இரு பக்கமும் அசைந்தால் சரி. பலகைபோல் விறைத்து, அசைக்க முடியாமல் இருந்தால் தீனியைக் குறைக்க வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரிய வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது

முதலில் எடை தெரிய வேண்டும். எடை மேடை இல்லாதவர்களுக்கு ஒரு தையல் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் ஏறத்தாழ 344 கிலோ.

சாதாரண நாளில் உடல் எடையில் 2 சதவீத அளவுக்குக் காய்ந்த புல்லோ அதற்கு ஈடான மேய்ச்சலோ வேண்டும். 344 கிலோ குதிரைக்கு 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மெலிய வைக்க வேண்டுமென்றால் 1.5 சதவீதம் வரை இறங்கலாம். மருத்துவர் சொல்லாமல் அதற்கும் கீழே போகக் கூடாது. பட்டினி போட்டால் சீக்கிரம் மெலியும் என்று நினைப்பது கொழுத்த போனிகளின் விஷயத்தில் உயிருக்கே ஆபத்து. உடல் கொழுப்பையெல்லாம் ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டி, கல்லீரல் நின்றுபோகும். வயிறு காலியாகக் கிடப்பதும் குதிரைக்கு ஆகாது.

இங்கே கிடைப்பதில் டெஃப் புல், எரகிராஸ்டிஸ் புல் இரண்டும் இந்தக் குதிரைகளுக்குப் பொருந்தும். தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரையில் ஒரு பங்கு கரைந்து போய்விடும். கோடை வெயிலில் நெடுநேரம் ஊறினால் புளித்துப்போகும் என்பதையும் மறக்க வேண்டாம். கிக்கூயு மட்டுமே தின்னும் குதிரைக்கு இன்னொரு தொல்லை உண்டு. அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலுக்குத் தராது. ஈடுகட்ட எலும்பிலிருந்து சுண்ணாம்பு வெளியேறி, முகம் வீங்கிக் கால் நொண்டும். தாது உப்புக் கலவையோ, சுண்ணாம்புச் சத்துள்ள லூசர்ன் ஒரு பிடியோ இதற்குப் பரிகாரம். கொள்ளும் ஓட்ஸும் வேலை செய்யாத மலைக்குதிரைக்குத் தேவையே இல்லை. மொலாசஸ் தீவனத்தை நான் லாயத்துக்குள்ளேயே விடுவதில்லை.

நோய் என்று வந்தால் இனம் பார்க்காது

தாங்கும் சக்தி என்பது ஓர் ஊரின் புல்லுக்கும் குளிருக்கும் பாறைக்கும் உடல் பழகியதால் வந்தது. அந்த ஊரைத் தாண்டினால் அது செல்லாது என்பதற்கு இந்த நாட்டின் வரலாறே சாட்சி. 1899 முதல் 1902 வரை நடந்த ஆங்கிலோ பூர் போரில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. அர்ஜென்டினா, அமெரிக்கா, ஹங்கேரி, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கியவை. அவற்றில் பல அவரவர் நாட்டில் பலசாலிகள்தான். கடல் பயணம் முடிந்து ஓய்வில்லை, புதுப் புல் பழக நாள் இல்லை, நேரே போர்முனை. குண்டடி பட்டுச் செத்தவற்றைவிடப் பசியாலும் நோயாலும் அலுப்பாலும் செத்தவை அதிகம். போர்ட் எலிசபெத்தில், இப்போது கெபேகா எனப்படும் ஊரில், அவற்றுக்காக 1905இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இன்னும் நிற்கிறது. குதிரைக்கு முன்னால் ஒரு சிப்பாய் மண்டியிட்டுத் தண்ணீர் வாளியை நீட்டுகிறான்.

சரி, இந்த மண்ணிலேயே பிறந்த குதிரைக்கு இந்த மண்ணின் நோய் வராதா? வரும். ஆப்பிரிக்கக் குதிரை நோய் பசூட்டோ என்றும் பந்தய இனம் என்றும் பார்ப்பதில்லை. மழைக்காலத்துப் பிற்பகுதியில், பிப்ரவரி முதல் மே வரை, இது உச்சத்தில் இருக்கும்; கடும் உறைபனி விழுந்ததும் அடங்கும். இதைப் பரப்புவது மிட்ஜ் எனப்படும், கொசுவைவிடச் சிறிய கடிப்பூச்சி. அந்தி மயங்கும் நேரம் தொடங்கிப் பொழுது விடியும் வரை அது இரத்தம் தேடும். நுரையீரலைத் தாக்கும் வடிவத்துக்கு டன்கொப் என்று பெயர். காலையில் மேய்ந்த குதிரை சீக்கிரத்தில் மூக்கில் நுரை தள்ளி விழுந்துவிடும், பிழைப்பது அரிது. இதயத்தைத் தாக்கும் டிக்கொப் வடிவத்தில் கண்ணுக்கு மேலுள்ள குழி வீங்கி மேடாகும். அதில் ஏறக்குறைய பாதி பிழைக்கலாம்.

ஒரு முறை வந்து பிழைத்த குதிரைக்கு மறுபடி வராது என்று முன்பு நம்பினார்கள். அத்தகைய குதிரைக்கு நல்ல விலையும் கொடுத்தார்கள். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் இந்த வைரஸில் 9 வகை இருக்கிறது. ஒன்றைத் தாங்கிய உடல் மற்ற எல்லாவற்றையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவேதான் தடுப்பூசியும் ஒரே ஊசியாக இல்லாமல், குறைந்தது மூன்று வார இடைவெளியில் இரண்டாகப் போடப்படுகிறது. வருடந்தோறும், வழக்கமாக ஜூனிலிருந்து அக்டோபருக்குள், பூச்சி குறைந்த காலத்தில். ஊசிக்குப் பிறகு கடுமையான வேலை வாங்கக் கூடாது. ஊசி போட்டும் அந்திக்கு முன் குதிரையை லாயத்தில் கட்டுவதும், சன்னலுக்கு நெருக்கமான வலை அடிப்பதும், ஓடைக்கரைச் சேற்று நிலத்தில் இரவு மேயவிடாமல் இருப்பதும் தேவைதான். சந்தேகம் வந்தால் அரசு கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பது சட்டப்படி கடமை.

சுருக்கமாக: குளிரையும் பாறையையும் சத்தில்லாத புல்லையும் தாங்கும் குதிரை, தடுப்பூசி இல்லாமல் ஒரு பூச்சிக்கடியைத் தாங்காது.

சாதுக் குதிரையும் ஓடும்

குதிரை இரையாகப் பிறந்த பிராணி. புலியோ சிங்கமோ வந்தால் முதலில் ஓட்டம், பிறகு யோசனை. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரிக்குப் பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் குருட்டு இடம். பேசாமல் பின்னாலிருந்து வருபவரை உதைப்பது கெட்ட குணத்தால் இல்லை. வருவது யார் என்று அதற்குத் தெரியாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போய், முதலில் கழுத்தடியில் கை வையுங்கள். மூக்கைத் தடவப் போகாதீர்கள்.

சாதுவான குதிரை என்றால் ஓட்டம் பிடிக்கும் எல்லைக்கோடு சற்றுத் தள்ளி இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். கோடு இல்லாமல் போய்விடவில்லை. குதிரை ஒன்றைப் பார்த்துப் பார்த்து அஞ்சாமல் இருக்கக் கற்பதைப் பழக்கப்படுதல் என்பார்கள். அது பெரும்பாலும் பழகிய பொருளுக்கும் பழகிய இடத்துக்கும் மட்டும் பொருந்தும். லாரி போகும் சாலையில் காது அசைக்காமல் நிற்கும் குதிரை, தீபாவளி இரவில் பக்கத்துத் தெருவில் ஒரு ராக்கெட் சீறியதும் வேலியை உடைத்துக்கொண்டு போய்விடும். நவம்பர் 5ஆம் தேதி ஆங்கிலேயர் வழக்கமான கை ஃபாக்ஸ் வாணவேடிக்கையும் அதே பருவத்தில் வருவதால் நம் ஊர்களில் இது ஒரு மாதத் தொல்லை. அந்த நாள்களில் பழகிய லாயத்தில், பழகிய துணைக்குதிரையோடு, வலையில் புல்லைத் தொங்கவிட்டு, விளக்கை அணைக்காமல் வையுங்கள். அவசரமாகப் புதுக் கொட்டகைக்கு மாற்றுவது நிலைமையைக் கெடுக்கும். தீபாவளிக்கு வெகு முன்பே பிள்ளைகளிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிவைப்பது செலவில்லாத வழி.

கையாளுவதில் புரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்றே. குதிரை கற்பது இழுவையால் இல்லை, இழுவை விடுபடும் கணத்தால். கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்திருங்கள். குதிரை ஓர் அடி முன்வைத்த அதே நொடியில் கயிற்றைத் தளர்த்துங்கள். "அடி வைத்தால் தொல்லை தீரும்" என்று அது கணக்குப் போடும். இரண்டு மூன்று நொடி தாமதித்தால் எதற்காக விட்டீர்கள் என்பதே அதற்குப் புரியாது. அது தலையை உதறும்போது பயந்து கயிற்றை விட்டீர்களா? உதறக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். "சாதுவாக இருந்தது, எங்களிடம் வந்து கெட்டுப்போய்விட்டது" என்னும் புலம்பல்களில் பெரும்பாலானவை இப்படி ஆரம்பித்தவைதான்.

சாதுக் குணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி அமைதியாகத் தெரியும். பசூட்டோவும் நூயிட்கெடாக்டும் வயிற்றுவலியோடுகூட அசையாமல் நிற்கும். பந்தயக் குதிரை அந்த நேரத்தில் தரையில் புரண்டு ஊரைக் கூட்டியிருக்கும். காது பக்கவாட்டில் விறைத்திருக்கிறதா, மூக்குத் துவாரம் இறுகியிருக்கிறதா, கண்ணுக்கு மேல் தசை சுருங்கிக் கோணமாகத் தெரிகிறதா என்று முகத்தைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல்சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நலமாக இருக்கும் நாளில் உங்கள் குதிரையின் எண்களைக் குறித்து லாயக் கதவில் ஒட்டிவைத்தால், கோளாறான நாளில் மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்ல ஏதாவது இருக்கும்.

வாங்கும் முன்

குதிரையை ஏறிப் பார்க்கும்முன், விற்பவரே அதைப் பிடித்துக் கட்டி, நான்கு குளம்பையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அறிவிக்காமல் வேறொரு நாள் மறுபடி போய்ப் பாருங்கள். ஏற்கெனவே குளம்பு அழற்சி வந்ததா என்று நேராகக் கேளுங்கள். குளம்புச் சுவரில் குதிகால் பக்கம் அகன்று விரியும் வளையங்கள் தெரிந்தால், பதில் எதுவானாலும் மருத்துவரை அழைத்து எக்ஸ்ரே எடுங்கள். இப்போது என்ன புல் தின்கிறது என்று கேட்டு, அதில் ஒரு கட்டாவது உடன் வாங்கி, புதுப் புல்லை ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். தனியாக ஒரு குதிரையை வைக்காதீர்கள். இரண்டாவதாக ஒரு கழுதை இருந்தாலும் போதும்.

கடைசியாகப் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். குதிரையின் அடையாளமும் ஒவ்வொரு வருடத் தடுப்பூசியின் பதிவும் அதில் இருக்க வேண்டும். "வீட்டில் எங்கோ இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன்" என்று பதில் வந்தால், ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். குதிரை வண்டியேறும் முன்பே மருத்துவரிடம் நாள் கேட்டுவிடுங்கள்.